ஈஸ்டர் லீவுக்கு டர்பன் பக்கம் வரீங்களா? தீமிதியா, பீச்சா, சவுத் கோஸ்ட் வீடா, இல்ல ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிடலாமா

மார்ச் பொறந்தா போதும், இங்க தென்னாப்பிரிக்காவுல ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்), ப்ரிட்டோரியா பக்கம் இருக்கற நம்மாளுங்ககிட்ட இருந்து மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, பசங்களுக்கு ஸ்கூல் லீவு, ஈஸ்டருக்கு டர்பன் வரோம், எங்க போகலாம் சொல்லுங்கன்னு. கேட்டுட்டு அவங்களே லிஸ்ட்டும் போட்டுடுவாங்க, வெள்ளிக்கிழமை தீமிதி, சனிக்கிழமை உஷாகா கடல் பார்க், ஞாயித்துக்கிழமை சவுத் கோஸ்ட்ல மார்கேட்ங்கற ஊர், திங்கக்கிழமை யாரோ சொந்தக்காரங்க வீட்டு ப்ராய் (நெருப்புல கறி சுட்டு சாப்பிடற விருந்து), ராத்திரி வண்டிய எடுத்து செவ்வாய்க்கிழமை காலைல ஆபீஸ். இது லீவு இல்லங்க, தண்டனை. இதுல ஒண்ண எடுத்து அதச் சுத்தி மீதிய வச்சுக்கணும். எத எடுக்கறதுன்னுதான் இங்க பாக்கப் போறோம்.

முதல்ல காலண்டர். இங்க மார்ச்சுல இருந்து மே வரைக்கும் இலையுதிர் காலம், ஊர்ல வெயில் கொளுத்தற நேரத்துல நமக்கு இதம். கவர்மென்ட் லீவுகளும் இந்த சமயத்துலதான் குவிஞ்சு கிடக்கு: மார்ச் 21 மனித உரிமை நாள், அப்புறம் குட் ஃப்ரைடே, ஈஸ்டருக்கு அடுத்த திங்கக்கிழமை ஃபேமிலி டே, ஏப்ரல் 27 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள். லீவு ஞாயித்துக்கிழமைல விழுந்தா திங்கக்கிழமையும் லீவு, சனிக்கிழமைல விழுந்தா போச்சு. 2027ல பாருங்க, மார்ச் 21 ஞாயிறு, அதனால 22 லீவு, குட் ஃப்ரைடே 26, ஃபேமிலி டே 29. நடுவுல செவ்வாய் புதன் வியாழன் மூணு நாள் லீவு போட்டா சனிக்கிழமை 20ல இருந்து முழுசா பத்து நாள் கைல. ஆனா இதே கணக்க இந்த நாட்டுல எல்லாரும் போடுவாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

## எத வச்சு முடிவு பண்றது

எங்க என்ன நடக்குதுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, யாரு வராங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. என் அனுபவத்துல ஒரு குடும்பத்தோட லீவு கெட்டுப் போறது எப்பவுமே ஒரே இடத்துலதான், கூட வந்தவங்கள்ல ரொம்ப முடியாதவங்க யாரோ, முட்டி வலிக்கற அம்மாவோ மூணு வயசுக் குழந்தையோ, அவங்க எவ்ளோ நேரம் நிக்க முடியும்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. அதனால முதல் கேள்வி: எத்தன மணி நேரம் நிக்கணும், உக்கார நிழல் இருக்கா, பாத்ரூம் எவ்ளோ தூரம். ரெண்டாவது: முடியலன்னா பாதில கிளம்பி வர முடியுமா, இல்ல வண்டி மாட்டிக்குமா. மூணாவது சாப்பாடு, யாரு சைவம், யாரு விரதம். நாலாவது காசு, ரூம் வாடகை மட்டும் இல்ல, டோல், பெட்ரோல், டெபாசிட், அங்க போய் வாங்கற ஒவ்வொண்ணும் சேத்து. அஞ்சாவது மழை வந்தா என்ன பண்றது.

மழைய லேசா எடுத்துக்காதீங்க. இலையுதிர் காலம்னா வறண்ட காலம்னு நினைக்கறது ஜோபர்க் பழக்கம். டர்பன்ல 2019லயும் 2022லயும் பெரிய வெள்ளம் வந்தது ரெண்டுமே ஏப்ரல்லதான், 2019ல ஈஸ்டர் முடிஞ்ச கையோட, 2022ல நானூறு பேருக்கு மேல போய்ட்டாங்க. எல்லா வருஷமும் அப்படி இல்ல, பெரும்பாலும் ஏப்ரல் ரொம்ப அழகான மாசம், கடல் தண்ணி கூட வெதுவெதுன்னுதான் இருக்கும். ஆனா முழு ப்ளானையும் கடல நம்பிப் போடாதீங்க.

## 1. குட் ஃப்ரைடே தீமிதி

ஊர்ல இருந்து வந்த பெரியவங்க ஆச்சரியப்படறது இதப் பாத்துதான். ஏசுவ சிலுவைல அறைஞ்ச நாள்ல மாரியம்மன் கோயில்ல தீமிதி எப்படின்னு கேப்பாங்க. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் வந்து சேந்துச்சு, அதுல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்களுக்கு வருஷத்துல சேந்தாப்ல கிடைச்ச லீவு ஈஸ்டர்தான், அதனால அம்மன் திருவிழாவ அங்க கொண்டு போய் வச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு இன்னொண்ணும் தோணும், ஈஸ்டர் தேதியே பௌர்ணமிய வச்சுத்தான் கணக்கு பண்றாங்க, பல வருஷம் அது நம்ம பங்குனி பௌர்ணமியாவே இருக்கும், பங்குனி உத்திரத்துக்கும் குட் ஃப்ரைடேக்கும் நடுவுல சில நாள்தான் இருக்கும். அதனால அவங்களுக்கு இது ரொம்ப அன்னியமாவும் இருந்திருக்காது.

எந்தக் கோயில்? வடக்குப் பக்கம் ஃபீனிக்ஸ் பக்கத்துல மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில், தெற்குப் பக்கம் இசிபிங்கோ ரயில் மாரியம்மன் கோயில், ரெண்டுலயும் குட் ஃப்ரைடே அன்னிக்கு கூட்டம் தாங்காது. கேட்டோ மேனர் பக்கம் பெல்லேர் ரோட்ல இருக்கற அம்பலவாணர் ஆலயத்துலயும் ஈஸ்டர் சமயம் திரௌபதி அம்மனுக்கு தீமிதி உண்டு, பழைய கோயில் உம்பிலோ ஆத்தங்கரைல இருந்துச்சு, 1905 வெள்ளத்துல அடிச்சுட்டுப் போய்டுச்சு, இப்ப இருக்கறது 1940கள்ல கட்டினது. இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது, ஜோபர்க்ல இருந்து கார்ல வரவங்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிவ சுப்ரமணியர் மாரியம்மன் கோயில்லயும் குட் ஃப்ரைடே தீமிதி நடக்கும். என்3 ரோட்லயே வர வழி, டர்பனுக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கறப்பவே நிறுத்திடலாம், காந்திய ரயில்ல இருந்து இறக்கி விட்ட ஸ்டேஷனும் அங்கதான். அப்பாவுக்கு அதையும் காமிச்சுட்டா ஒரு நாள் நிறைஞ்சிடும்.

அங்க போனா என்ன பாப்பீங்க: காலைலயே கட்டைய அடுக்கி கொளுத்தி விட்ருவாங்க. மதியத்துக்கு மேல நீளமான மட்டப்பலகை மாதிரி ஒண்ண வச்சு ரெண்டு பக்கமும் ஆளு நின்னு தணல இழுத்து இழுத்து சமமா பரத்துவாங்க, பத்தடி தள்ளி நின்னாலும் மூஞ்சி எரியும், அவங்க தலைல ஈரத் துணிய போட்டுக்கிட்டு மாத்தி மாத்தி செய்வாங்க. குழிக்கு அந்தக் கடைசில பால் குழி. அப்புறம் கரகம் எடுத்துக்கிட்டு ஊர்வலம் வரும், மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி, கைல கொத்து இலை. வேப்பிலைன்னு நினைப்பீங்க, பல இடத்துல அது சிரிங்கா மரத்து இலை, வேம்பு குடும்பம்தான், இங்க வேம்பு சரியா கிடைக்காத காலத்துல இருந்து வந்த பழக்கம். அம்மா அத கைல வாங்கி மோந்து பாத்துட்டு "இது வேற"ன்னு சொல்லுவாங்க, பாருங்க.

காசுன்னு பாத்தா செலவே இல்ல. பூ, பழம், கற்பூரம், உண்டியல், அவ்ளோதான். சாப்பாடும் கோயில்லயே, சோறு, டால், பூசணிக்கா கறி, கீரை, பாயசம், யாரு வந்தாலும் போடுவாங்க. மறைஞ்சிருக்கற செலவு நேரமும் காலும். சாயங்காலம் நடக்கற தீமிதிய கிட்ட நின்னு பாக்கணும்னா மதியமே இடம் பிடிக்கணும், நிழல் கம்மி, பாத்ரூம் வரிசை நீளம், காரை எங்கயோ நிறுத்திட்டு நடக்கணும், முடிஞ்சதும் எல்லா வண்டியும் ஒரே நேரத்துல கிளம்பும். பாதில வந்துடலாம்னு நினைச்சா காருக்கு முன்னாடி வேற மூணு கார் நிக்கும். சூரியன் ஆறு மணி வாக்குல இறங்கிடும், இருட்டுல தெரியாத ஏரியால காரைத் தேடறது பெரியவங்களோட சரிப்படாது, அதனால இறக்கி விட்டுட்டு திரும்பி வந்து ஏத்திக்க ஒருத்தர் டிரைவரா இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதுல நிறைய பேரு மாட்டிக்கறாங்க. உள்ளூர்ல இருக்கற நம்ம தமிழ்க் குடும்பம் யாராவது உங்கள வீட்டுக்கு கூப்ட்டிருந்தா, அவங்க வீட்ல ஒருத்தர் தீ மிதிக்கறாங்கன்னா பத்து நாள் முன்னாடியே காப்பு கட்டி அந்த வீடு மொத்தமும் விரதத்துல இருக்கும், கறி மீன் கிடையாது, குடி கிடையாது. அங்க போய் பையன் கேஎஃப்சி பொட்டலத்த பிரிச்சா எப்படி இருக்கும்! ப்ராய் எல்லாம் விரதம் முடிஞ்ச அப்புறம்தான். கேட்டுட்டுப் போங்க. விரதம் இருக்காம காப்பு கட்டாம திடீர்னு தீல இறங்கறேன்னு நிக்காதீங்க, விடவும் மாட்டாங்க.

இது யாருக்கு: பெரியவங்க ஊர்ல இருந்து இந்த ஒரு தடவதான் வராங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு இதுதான். பசங்க ஆறு ஏழு வயசுக்கு மேல இருந்தா ஓகே. கைக்குழந்தை இருந்தா, புகையும் மேளச் சத்தமும் சேந்து, வேணாம்.

## 2. டர்பன் பீச்ஃப்ரண்ட்

எல்லாருக்கும் சட்டுனு தோணறது இதுதான், அதுல தப்பும் இல்ல. நடக்கறதுக்கு கடலோரமா நீளமான ப்ராமனேட், வீல்சேர் தள்ளலாம், ஸ்ட்ரோலர் தள்ளலாம், களைச்சா பெஞ்சு, பாத்ரூம், காபி எல்லாம் கைக்கெட்டற தூரம். தெற்குக் கோடில உஷாகா, 2004ல திறந்தது, மீன் காட்சி, டால்ஃபின், தண்ணி சறுக்கு எல்லாம் ஒரே இடத்துல, மழை வந்தாலும் மீன் காட்சிக்குள்ள அர நாள் ஓட்டிடலாம். ஈஸ்டர் சமயம் இஸ்கான் நடத்தற ஜகந்நாதர் தேர்த் திருவிழாவும் பீச்ஃப்ரண்ட் பக்கம் பெரிய டென்ட் போட்டு நடக்கறது வழக்கம், சைவ சாப்பாடு, பாட்டு, டான்ஸ், பசங்களுக்கு தனி கூடாரம், அந்த வருஷத்து தேதியும் இடமும் மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க. பெரியவங்கள உக்கார வைக்க நாற்காலி இருக்கற திருவிழா இது, தீமிதிக்கும் இதுக்கும் அதுதான் பெரிய வித்தியாசம்.

கடல்ல குளிக்கறதப் பத்தி மட்டும் கொஞ்சம் கவனம். 2022 வெள்ளத்துல கழிவுநீர் பைப் எல்லாம் உடைஞ்சதுக்கு அப்புறம் பல தடவ பீச்ச மூடினாங்க, தண்ணில ஈ.கோலை கிருமி அதிகம்னு. இப்பவும் பெரிய மழை பெஞ்சு ரெண்டு மூணு நாளைக்கு, முக்கியமா உம்கேனி ஆறு கடல்ல சேர்ற ப்ளூ லகூன் பக்கம், தண்ணில இறங்காம இருக்கறது நல்லது. அன்னன்னிக்கு எந்த பீச் திறந்திருக்குன்னு முனிசிபாலிட்டி போடறத பாருங்க. சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும் குளிங்க, அங்கதான் லைஃப்கார்டு கண்ணு இருக்கும்.

செலவு: பீச் ஃப்ரீ, உஷாகா ஃப்ரீ இல்ல. அஞ்சு பேரு உள்ள போய், பசங்க ஐஸ்க்ரீம் கேட்டு, அப்புறம் வெளில ஆளுக்கொரு பன்னி சாவ் (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தரது) சாப்பிட்டா, ஒரு நாள் கணக்கு ரூம் வாடகையத் தொட்டுடும். டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்தா வரிசையாவது மிச்சம். பார்க்கிங்குக்கு காலைல ஏழு மணிக்குள்ள வாங்க, பத்து மணிக்கு மேல ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை இடம் தேடறது வீண். டர்பன் குடும்பங்க விடியறதுக்குள்ளயே வந்து புல்லுல கெஸீபோ கூடாரம் போட்டு பெரிய பாத்திரத்துல ப்ரியாணியோட உக்காந்திருப்பாங்க, பாத்துக்கிட்டே நடந்தா ஒருத்தராவது தட்டு நீட்டுவாங்க, வாங்கிக்கோங்க.

குழந்தைங்க கைல பேனாவால உங்க போன் நம்பர எழுதிடுங்க. கூட்டத்துல காணாம போறது சகஜம்.

இது யாருக்கு: மூணு தலைமுறை சேந்து வராங்க, ஒருத்தருக்கு ஒண்ணும் பிடிக்காதுன்னா, இதுதான் பாதுகாப்பான சாய்ஸ். ஆனா பெருசா நினைவுல நிக்கற லீவா இருக்குமான்னா, எனக்கு சந்தேகம்தான். பீச் மெரினாலயும் இருக்கு.

## 3. சவுத் கோஸ்ட்ல வாடகை வீடு

ஸ்காட்பர்க், ஹிபர்டீன், உவோங்கோ, மார்கேட், ராம்ஸ்கேட், ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா சின்னச் சின்ன கடலோர ஊர். டர்பன்ல இருந்து மார்கேட் 130 கிலோமீட்டர் வாக்குல. மூணு நாலு குடும்பம் சேந்து ஒரு வீடு எடுத்து, நாமளே சமைச்சு, ராத்திரி வாசல்ல உக்காந்து அரட்டை அடிக்கறதுக்கு இத விட நல்ல இடம் இல்ல. சின்னப் பசங்களுக்கு பாறைக்கு நடுவுல கட்டின டைடல் பூல் இருக்கு, அலை அடிக்காத தண்ணி, நம்ம ஆளுங்க நீச்சல் தெரியாம கடலப் பாத்து பயந்து நிக்கறவங்களுக்கும் அதுதான் சரி.

ஆனா ஈஸ்டர்ல போகாதீங்க. இத நான் அழுத்திச் சொல்றேன். ஹௌட்டெங்ல (ஜோபர்க், ப்ரிட்டோரியா இருக்கற மாகாணம்) பாதி இங்கதான் வந்து இறங்கும். வாடகை ஏறும், கம்மியா நாலு நாளோ ஏழு நாளோ எடுத்தாத்தான் தருவேன்னு சொல்லுவாங்க, உடைஞ்சா பிடிச்சுக்க டெபாசிட், க்ளீனிங் தனி, டவல் பெட்ஷீட் நீங்க கொண்டு வரணுமான்னு கேட்டுக்கணும். ஜோபர்க்ல இருந்து வந்தா என்3ல டி ஹூக், வில்ஜ், டுகேலா, மூய் ரிவர்னு டோல் வரிசை, டர்பனுக்குள்ள நுழையறப்ப மரியன்ஹில், தெற்க போனா போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் ஒரிபி, போக வர ரெண்டையும் கூட்டிப் பாருங்க, அப்புறம் ஃப்ளைட் விலையயும் பாருங்க, மூணு பேருக்கு மேல இருந்தா கார், ரெண்டு பேருன்னா சில சமயம் ஃப்ளைட்டே பரவால்ல.

தண்ணிய மறக்காதீங்க. சவுத் கோஸ்ட்ல குழாய்த் தண்ணி நின்னு போறது பல வருஷப் பிரச்சனை, கூட்டம் அதிகமான லீவு நாள்ல இன்னும் மோசம். வீடு புக் பண்றப்ப கடல் தெரியுமான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஜோஜோ டேங்க் (தண்ணி சேத்து வைக்கற பெரிய தொட்டி) இருக்கா, அது வீட்டுக் குழாயோட சேத்திருக்கான்னு கேளுங்க. பன்னெண்டு பேரு, ரெண்டு பாத்ரூம், குழாய்ல காத்து வருதுன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் குரங்கு. சாம்பல் நிறம், கருப்பு மூஞ்சி, மரத்துல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டே இருக்கும், நீங்க அடுப்படி ஜன்னல திறந்து வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினா போதும், மேடைல இருந்த ரொட்டி பாக்கெட் மொத்தமா மரத்து மேல, கவர கிழிச்சு ஒவ்வொரு துண்டா கீழ போட்டுக்கிட்டே திங்கும். பசங்களுக்கு சிரிப்பு, அன்னிக்கு காலை டிபனுக்கு கடைக்கு ஓடறது நீங்க. சாப்பாடு குடுத்துப் பழக்கப்படுத்தாதீங்க, கடிக்கவும் செய்யும்.

இது யாருக்கு: கூட்டமா வர நண்பர்கள், சமைக்கத் தயாரா இருக்கற ஆம்பளைங்க (இத ஏன் சொல்றேன்னா, இல்லன்னா வீட்ல இருந்த அடுப்படியவே மார்கேட்டுக்கு மாத்தின மாதிரிதான் அங்க வர பொம்பளைங்களுக்கு, லீவுன்னு பேரு மட்டும்). வயசானவங்களுக்கு படி இல்லாத வீடு கிடைச்சா சரி, சரிவுல கட்டின வீடுங்க நிறைய.

## 4. ஈஸ்டர விட்டுட்டு ஏப்ரல் கடைசி

இதப் பத்தி யாரும் கேக்கறதே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். விடுதலை நாள், தொழிலாளர் நாள் சமயம். கூட்டம் பாதி, வாடகை இறங்கியிருக்கும், புழுக்கம் போயிருக்கும், கடல் இன்னும் குளிரல. புத்தாண்டு ஏப்ரல் 14 முடிஞ்சிருக்கும். சித்ரா பௌர்ணமிய ஒட்டி இங்க கோயில்கள்ல காவடி எடுப்பாங்க, சித்ரா பருவம் காவடின்னு சொல்றது, ஏப்ரல் கடைசி மே முதல் வாரத்துல பெரும்பாலும் வரும். தைப்பூசக் காவடி அளவுக்கு கூட்டம் இருக்காது, அதுதான் நமக்கு நல்லது. அம்மாவுக்கு நாற்காலி போட்டு கோயில் திண்ணைலயே உக்காந்து பாக்கலாம், அலகு குத்தறத ரொம்பக் கிட்ட பாக்க வேணாம்னா பின்னாடி தள்ளிக்கலாம், கிளம்பணும்னா கார் வெளில வரும்.

குறை என்னன்னா ஸ்கூல். ஈஸ்டரோட வர லீவு முடிஞ்சு பசங்க திரும்பப் போயிருப்பாங்க, அதனால மூணு நாலு நாளுக்கு மேல இழுக்க முடியாது. 2027ல ஏப்ரல் 27 செவ்வாய்க்கிழமை, திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள், ஆனா மே 1 சனிக்கிழமைல விழுந்து வீணாப் போகுது. ஊர்ல இருந்து வந்தவங்க ஏப்ரல் நடுவுலயே திரும்பிப் போறாங்கன்னா இந்த வழியே கிடையாது, விடுங்க. தீமிதியும் கிடைக்காது.

ஸ்கூல் போகாத சின்னக் குழந்தை, வீட்ல இருந்து வேலை செய்யறவங்க, ரிட்டையர் ஆன பெரியவங்க, இவங்க ஈஸ்டர்ல வந்து அவஸ்தைப்படறதுக்கு காரணமே இல்ல. சவுத் கோஸ்ட் வீடு ஆசை இருந்தாலும் இங்கதான் தீத்துக்கணும்.

## சேத்து வைக்கறதா இருந்தா

ரெண்ட சேக்கலாம், மூணு வேணாம். ஒத்துப் போறது தீமிதியும் பீச்ஃப்ரண்டும். மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயிலுக்கு பக்கத்துலயே உம்ஷ்லாங்கான்னு கடலோர ஊர், கிங் ஷாகா ஏர்போர்ட்டும் அந்தப் பக்கம்தான், வடக்குலயே தங்கிட்டா வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை முழுசா ஓய்வு (இத தயவு செஞ்சு வெட்டாதீங்க), ஞாயித்துக்கிழமை விடிகாலை பீச், பத்து மணிக்கு வீடு. தீமிதியும் சவுத் கோஸ்டும் ஒத்துப் போகாது, ரோட்லயே லீவு போய்டும், அதுவும் இல்லாம விரத வீட்டுல இருந்து நேரா ப்ராய் வீட்டுக்குப் போற மனசு பெரியவங்களுக்கு வராது.

திரும்பிப் போறதுக்கு ஒண்ணு: ஃபேமிலி டே மதியம் என்3ல ஏறாதீங்க, டர்பன்ல இருந்து வான் ரீனன்ஸ் மலைப்பாதை வரைக்கும் மூய் ரிவர் டோல், டுகேலா டோல் எல்லாம் ஊர்ந்துக்கிட்டிருக்கும், களைச்சுப் போன டிரைவருங்க, மேல மூடுபனி வேற. 570 கிலோமீட்டர் வாக்குல இருக்கு. திங்கக்கிழமை விடிகாலை நாலு மணிக்கே கிளம்புங்க, இல்ல செவ்வாய்க்கிழமையும் ஒரு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வாங்க.